கஸர்மானுக்கும் ஜலால்-அபாதுக்கும் நடுவே அரை மணி நேரம்

அசில்கான் என் ஓர்ப்படி. என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேலிதான். அதிலும் பாதியை அவள் வீட்டுப் பசு முட்டிச் சாய்த்துவிட்டது. சரிசெய்கிறேன் என்று அவள் கணவர், என் மூத்தார், சொல்லிப் பல வருஷம் ஆகிறது. மூத்தார் பெயர் ஓஸ்மோன். எங்கள் வழக்கப்படி நான் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

அக்கா எங்கள் ஊர்ப் பெண் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஜலால்-அபாதில் பிறந்தவள். ஆப்ரிகாட் தோட்டமும் வெயிலும் தக்காளியுமாக வளர்ந்தவளை இந்தக் கஸர்மான் குளிரில் கொண்டுவந்து போட்டது ஒரு கல்யாணத் தரகர்.

பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "எவ்வளவு தூரம்?"

தரகர் சிரித்தாராம். "தூரமா? ஏரோப்ளேன்ல அரை மணி நேரம். காலைல உங்க வீட்டுல டீ குடிச்சுட்டு, மத்தியானம் புருஷன் வீட்டுல போய்ச் சமைக்கலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. அது சோவியத் காலம். இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம் பஸ் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பாலாடை வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜலால்-அபாத் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். கல்யாணம் ஆன புதிதில் அக்கா நினைத்தபோதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போனாள். மூத்தாரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், கோபம் ஆறுவதற்குள் திரும்பும் விமானம் கஸர்மானில் இறங்கிவிட்டதே என்று எரிச்சலோடு வீட்டுக்கு வந்த நாட்களும் உண்டு.

விமானம் இல்லாவிட்டால் மலைப்பாதை. அது மே மாதம் திறக்கும். நவம்பரில் முதல் பெரும்பனி விழுந்ததும் மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் எங்களுக்கு ஒரே வழி, கிழக்கே நாரின் போய், அங்கிருந்து வடக்கே பிஷ்கெக் போய், அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்கி, கிர்கிஸ் நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி ஜலால்-அபாதை அடைவதுதான். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரை வலம் வருவது போல.

சோவியத் யூனியன் உடைந்ததும் எரிபொருள் போயிற்று. எரிபொருள் போனதும் விமானம் போயிற்று. அப்புறம் யாரோ ஒரு பழைய விமானத்தை வாங்கி மறுபடி ஓட்டினார்கள். ஆனால் அது வருகிற நாள் அதற்கே தெரியாது. அந்தச் சமயத்தில், ஒரு ஜனவரியில், அக்காவின் அப்பா இறந்தார். தந்தி வந்த அன்றிலிருந்து அவள் தினம் விமானத் திடலில் போய் நின்றாள். பனி, காற்று, மேகம். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் சுற்றுவழியிலும் வண்டி ஓடவில்லை. அவள் போய்ச் சேர்ந்தது நாற்பதாம் நாள் சடங்குக்கு. அங்கே பெரியப்பா மகன் ஒருத்தன், வாயில் இறைச்சியை வைத்துக்கொண்டு, "அரை மணி நேரத் தொலைவுல இருக்க. பெத்த அப்பனை மண்ணுக்குள்ள வைக்க வர முடியல, இல்ல?" என்று கேட்டிருக்கிறான். அக்கா கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தை அவன் மேல் எறிந்துவிட்டு வந்தாள். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு அவள் முன்னால் நாங்கள் யாரும் அரை மணி நேரம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ரொட்டி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்கூட, "கொஞ்ச நேரம்" என்றுதான் சொல்வோம்.

இப்படிப்பட்டவளின் மகள் குல்பரா, நர்ஸ் படிப்புக்கு என்று ஜலால்-அபாதுக்குப் போய்ச் சித்தி வீட்டில் தங்கி, படிப்பு முடிவதற்குள் அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக்கொண்டாள். பையனின் அப்பா மாமசாலி, சந்தையில் அரிசிக்கடையும் ஊருக்கு வெளியே நெல்வயலும் வைத்திருப்பவர். நல்ல குடும்பம், நல்ல பையன். அதிலெல்லாம் குறை இல்லை. குறை எல்லாம் தேதியில்தான் இருந்தது.

நோன்பு முடிந்ததும் பிப்ரவரியில் கல்யாணம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அக்கா தபால் நிலையத்துக்கு ஓடிப் போய், பெட்டி மாதிரி இருக்கும் அந்தத் தொலைபேசி அறைக்குள் நின்று கத்தினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் குரல் எனக்கே கேட்டது.

"சம்பந்தி, மே மாசம் வைங்க. பாதை திறந்துடும். நாங்க எல்லாரும் லாரி வச்சு வந்துடுவோம்."

"மே மாசம் எனக்கு நாத்து நடுற வேலை இருக்கு, சம்பந்தியம்மா. மண்டபம் பேசியாச்சு. சமையக்காரனுக்குச் சொல்லியாச்சு. நீங்க ஏன் பாதையைப் பத்திக் கவலைப்படுறீங்க? ப்ளேன்ல அரை மணி நேரம்தானே!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து தபால் நிலையச் சுவரை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

மூத்தார் வரவில்லை. பனிக்காலத்தில் மாடு ஆடுகளை விட்டுவிட்டு எப்படி வருவது? "நீயும் ஜிப்பாரும் போயிட்டு வாங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுவிட அண்ணி முறையோ சித்தி முறையோ ஒருத்தி கூடப் போகவேண்டும். எங்களில் அது நான்.

கல்யாணத்துக்குப் பல நாட்கள் இருக்கும்போதே கிளம்பிவிட்டோம். சீதனத்துக்கு அக்கா ஐந்தாறு வருஷமாகத் தைத்த மெத்தைகள், போர்வைகள், ஒரு மூட்டை நிறையப் பொரித்த மாவு உருண்டை, உப்புப் போட்ட இறைச்சி எல்லாவற்றையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, குதிரையைப் பூட்டி, மூத்தார் திடலில் இறக்கிவிட்டார்.

திடல் என்றால் ஒரு நீளமான வெட்டவெளி, ஒரு குச்சியில் காற்றின் திசை காட்டும் துணிப் பை, ஒரு அறை. அந்த அறையில் அடுப்பும் ஜூமாதில் என்ற ஆளும் இருப்பார்கள். சீட்டு விற்பதும், வானொலியில் பேசுவதும், ஓடுபாதையிலிருந்து மாடு விரட்டுவதும் அவன் ஒருவனே.

"இன்னிக்கு இல்ல அக்கா. மேல காத்து" என்றான் முதல் நாள்.

மறுநாள் காற்று இல்லை. "எண்ணெய் வரல."

அதற்கு அடுத்த நாள் எண்ணெய் வந்துவிட்டது. "ப்ளேன் வேற ஊருக்குப் போயிருக்கு."

"நாளைக்கு என்ன சொல்லப் போற? அதையும் இப்பவே சொல்லிடு. வீட்டுல இருந்தே அழுதுக்கிறேன்" என்றாள் அக்கா.

"எம்மேல கோவப்பட்டு என்ன அக்கா பண்றது? நானா மேகத்தை ஊதி விடுறேன்?"

"நீ அந்த அடுப்புல போடுற சாணிப் புகையே போதும், வானத்தை மறைக்க!"

ஒவ்வொரு நாளும் மெத்தைகளை இறக்கி, ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்தோம். மூட்டையிலிருந்த மாவு உருண்டையைக் காத்திருந்தவர்கள் எல்லோரும் டீயில் நனைத்துத் தின்று பாதியாக்கிவிட்டார்கள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

கடைசியில் ஒரு காலை விமானம் வந்தது. அக்கா ஓடிய ஓட்டத்தில் விமானியே பயந்துபோய் ஒதுங்கினான். மெத்தைகளை உள்ளே திணித்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டோம். விமானம் குலுங்கி எழும்பியது. ஜூமாதில் கீழே சின்னதாகிக் கையசைத்தான். அக்கா அவனைப் பார்த்துப் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

மலை முகட்டைத் தாண்டும்போது வெயில் கண்ணைப் பறித்தது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தாண்டியதும் பார்த்தால், அந்தப் பக்கப் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றி வைத்தது போல மூடுபனி. ஊர் இல்லை, ஆறு இல்லை, ஒரு மரத்தின் நுனிகூட இல்லை. விமானி ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்றும் சுற்றினான். அப்புறம் விமானம் சரிந்து திரும்பியது. சூரியன் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து, மெத்தைகளை மிதித்துக்கொண்டு, விமானியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எங்க தம்பி போற?"

"திரும்பிப் போறோம் அக்கா. கீழ தரை தெரியல."

"தரை அங்கதான்பா இருக்கு! நான் அங்கதான் பொறந்தேன். அது எங்கயும் போகாது. நீ இறக்கு!"

"போய் உக்காருங்க அக்கா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு."

"எனக்கும் புள்ள இருக்கு! அது இந்தப் பனிக்கு அடியிலதான் இருக்கு!"

நான் அவளை இழுத்து உட்காரவைத்தேன். அவள் முகத்தை ஒரு போர்வைக்குள் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கஸர்மானில் இறங்கியதும் ஜூமாதில் ஓடிவந்தான். "என்ன அக்கா, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுதா?"

மீதி மாவு உருண்டை மூட்டையால் அவனை அடித்தாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு, சிதறியவற்றைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுபடி தபால் நிலையம்.

"சம்பந்தியம்மா! எங்க வீட்டுக்கு மேலயே சத்தம் கேட்டுச்சே! நீங்கதானா அது? அவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் இறங்காமப் போனீங்க?"

அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள். "மறந்துட்டோம் சம்பந்தி" என்றாள்.

"பொம்பளைங்க தனியா வந்தா இப்படித்தான். பைலட்டுங்க ஏமாத்துவாங்க. நான் நேர்ல வந்து கூட்டிட்டு வரேன். பனி விலகுனதும் அதே ப்ளேன்ல ஏறி, அதே ப்ளேன்ல உங்களை ஏத்திட்டு வந்துடுறேன். அரை மணி போக, அரை மணி வர. மத்தியானச் சோத்துக்கு எல்லாரும் நம்ம வீட்டுல."

சொன்னபடியே செய்தார். மறுநாளே பள்ளத்தாக்கில் பனி விலகியது. விமானத்திலிருந்து மாமசாலி இறங்கினார். பளபளக்கும் மெல்லிய தோல் காலணி, நகரத்து மேலங்கி, கையில் ஒரு சின்னப் பை அரிசி. ஓடுபாதைப் பனியில் காலை வைத்ததும் வழுக்கி, ஜூமாதிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா? வந்துட்டேன்! இதுல என்ன கஷ்டம்?"

மூட்டைகளை உள்ளே ஏற்றி முடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டி திடலுக்குள் வந்தது. மேய்ச்சல் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கொண்டுவந்த ஓர் இளம்பெண், பிரசவ வலியில். வயிற்றில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. ஜலால்-அபாத் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அவளைப் படுக்கவைத்து, கூட மருத்துவரும் அவள் அம்மாவும் ஏறினால், வேறு யாருக்கும் இடம் இருக்காது.

மாமசாலி விமானியிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் அக்காவைப் பார்த்தேன். அந்தப் பெண் முனகுவதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வானத்தைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாள். அது பிரார்த்தனை இல்லை, எனக்குத் தெரியும். ஏற்கனவே உள்ளே ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள்.

"சம்பந்தியம்மா, என்ன செய்றீங்க? நம்ம இடம்!" என்றார் மாமசாலி.

"நம்ம இடம்தான். அவ படுக்கட்டும்."

இருந்ததிலேயே நல்ல மெத்தை, சிவப்பு வெல்வெட்டில் தைத்தது, அதைப் பிரித்து விமானத் தரையில் விரித்தாள். அந்தப் பெண்ணை அதன் மேல் கிடத்தினார்கள். அவள் அம்மா அக்காவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள். "போ, போ, மேகம் வருது" என்று அக்கா அவளை உள்ளே தள்ளினாள்.

"சாயங்காலம் திரும்ப வந்து உங்களை ஏத்திக்கிறேன்" என்றான் விமானி.

மத்தியானத்துக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்தது. சாயங்காலமும் விமானம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

சம்பந்தி வீட்டில் தங்கினால் சும்மாவா? முறைப்படி ஓர் ஆட்டை அறுத்து, அவருக்கு உரிய துண்டுகளை வைத்து உபசரித்தாகிவிட்டது. மறுநாள் என் வீட்டில். அதற்கடுத்த நாள் எங்கள் கணவர்மாரின் சித்தப்பா வீட்டில். கஸர்மானில் எங்களுக்கு உறவுக்குக் குறைச்சல் இல்லை. ஒரு வீட்டில் அழைத்து இன்னொரு வீட்டில் அழைக்காவிட்டால் பிறகு வருஷக்கணக்கில் பேச்சு கேட்கவேண்டும். ஆகவே வானம் மூடியிருந்த நாளெல்லாம் அவர் ஆட்டிறைச்சியாகத் தின்றுகொண்டிருந்தார். தெற்கத்திக்காரர். அவருக்குச் சோறு வேண்டும். கொண்டுவந்த அரிசி இரண்டே வேளைக்குத்தான் வந்தது.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் புலாவ்..."

"அரிசி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு சம்பந்தி. பக்கம்தான். போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள் அக்கா.

தினமும் காலையில் மூத்தாரின் கம்பளிக் காலணியை மாட்டிக்கொண்டு அவர் திடலுக்கு நடப்பார். மெல்லிய காலணி முதல் நாளே வாயைப் பிளந்துவிட்டது. நானும் அக்காவும் பின்னால் போவோம்.

"ஏம்பா, ப்ளேன் எங்கப்பா?"

"வரும் அண்ணே. வானம் திறக்கட்டும்."

"மொத்தமே அரை மணி நேரப் பயணம்யா! அதுக்கு ஒரு வாரமா உக்காந்திருக்கேன்!"

ஜூமாதில் அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டான். "அண்ணே, அந்த அரை மணி நேரம் கிளம்புனாத்தான் ஆரம்பிக்கும்."

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இந்த முறை அது சிரிப்புதான்.

அவர் மனைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. தபால் நிலையத்தில் அந்த அம்மாள் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பொண்ணோட அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனீங்களா, இல்ல அந்த ஊருக்கே மாப்பிள்ளையா போயிட்டீங்களா? மண்டபத்துக்காரன் தேதியை மாத்த மாட்டேங்கிறான். வெளியூர் ஆளுங்க எல்லாம் வந்து இறங்கிட்டாங்க. நான் எத்தனை பேருக்கு ஒருத்தியா டீ ஊத்துவேன்?"

"பனிம்மா..."

"இங்க வெயிலடிக்குது! முற்றத்துல உக்காந்து கேரட் நறுக்குறோம்!"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்து, பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குச் சாமான் கொண்டுவந்த லாரி ஒன்று பிஷ்கெக்குக்குத் திரும்புகிறது என்று தெரிந்தது. அக்கா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "கிளம்பு ஜிப்பார். இனி அந்த வானத்தை நான் பாக்க மாட்டேன்."

மூத்தார் மூட்டைகளை லாரிப் பின்புறத்தில் கட்டினார். முன்னால் ஓட்டுநர், மாமசாலி, அக்கா, நான் என்று ஒரு இருக்கையில் நான்கு பேர். ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் மாமசாலி முழங்காலை மடக்கிக் கூரைக்கு உயர்த்தவேண்டும். ஜலால்-அபாத் எங்களுக்கு மேற்கே இருந்தது. லாரி கிழக்கே கிளம்பியது.

நாரின் வரை அவர் புலம்பிக்கொண்டே வந்தார். வழியில் டீக்கடை ஒன்றில் இறங்கியபோது, "எங்க வீட்டை விட்டுத் தூரமாத்தானே போயிட்டிருக்கோம்?" என்று ஓட்டுநரைக் கேட்டார். "ஆமா" என்றான் அவன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிஷ்கெக்கில் லாரியை விட்டு, ஜலால்-அபாத் போகிற கார் ஒன்றைப் பிடித்தோம். மூட்டைகளைக் கூரையில் கட்டினோம். தூ-அஷூ கணவாயில் பனிச்சரிவு பாதையை மூடியிருந்தது. இயந்திரம் வந்து வழி வெட்டும்வரை வண்டிகள் வரிசையாக நின்றன. காருக்குள் குளிர் ஏறியது. அக்கா ஒரு சீதனப் போர்வையை இறக்கி மூன்று பேர் மேலும் போர்த்தினாள். அங்கேதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கேட்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சும்மா, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, தரகர் சொன்னது, ஜனவரித் தந்தி, திடலில் நின்றது, நாற்பதாம் நாள், பெரியப்பா மகன் கேட்டது எல்லாம் சொன்னாள்.

மாமசாலி தொண்டையைச் செருமினார்.

"உங்க சித்தப்பா வீட்டுல விருந்து சாப்பிட்டப்போ, அவர் பேரனுக்கு என் சின்ன மகளைக் கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"ம்."

"யோசிச்சுட்டேன். கஸர்மானுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அப்பாவுக்கும் அந்தப் புத்தி இருந்திருக்கணும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள். "மூடிக்குங்க. உங்களுக்குச் சளி பிடிச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

ஜலால்-அபாதுக்குள் கார் நுழைந்தபோது கல்யாணத் தேதி கடந்துவிட்டிருந்தது. அக்காவின் தங்கை வீட்டு வாசலில் இறங்கினோம். அங்கே தெருவில் வெயில். பனியின் சுவடே இல்லை. குல்பரா வீட்டு உடையில், கையில் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள்.

அக்கா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "நீ ஏன்டி இங்க இருக்க? உன் புருஷன் வீட்டுல இல்ல இருக்கணும்?"

"நீ வரலையே."

"நான் வரலைன்னா?"

"நீ வராம நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்போ கல்யாணம்?"

அக்காவின் தங்கைதான் விவரம் சொன்னாள். அரிசி ஊறப்போட்டாகிவிட்டது, இறைச்சி வெந்தாகிவிட்டது, விருந்தாளிகள் வந்தாகிவிட்டது. மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து வயிறாரத் தின்று, மணமக்களை வாழ்த்தி, பாட்டுப் பாடி, ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மணப்பெண் இல்லை, மணமகனின் அப்பா இல்லை. மாப்பிள்ளை மட்டும் புதுச் சட்டையோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, "அவ எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

மாமசாலி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காலில் இன்னும் மூத்தாரின் கம்பளிக் காலணி. "முழுசும் தின்னுட்டாங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அடிப்பிடிச்சது மீதி இருந்துச்சு. அதை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டோம்."

அக்கா மகளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்கித் தூர எறிந்துவிட்டு அப்படியே அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அப்பா செத்ததற்கு அழாததையும் சேர்த்து அழுதாள் என்று எனக்குத் தோன்றியது. வெகுநேரம் யாரும் அவர்களைப் பிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் குல்பராவுக்கு மணப்பெண்ணுக்குரிய வெள்ளைத் தலைத்துணி கட்டி, நான் கையைப் பிடித்து, தெருவழியே நடத்தியே மாமசாலி வீட்டுக்குக் கூட்டிப்போனோம். முல்லா வந்து நிக்காஹ் ஓதினார். மாமசாலியின் மனைவி எங்களை வாசலில் பார்த்ததும் கணவரிடம், "வாங்க விருந்தாளி, எந்த ஊரு?" என்றாள். மிச்சமிருந்த அரிசியில் ஒரு சட்டி புலாவ் ஆயிற்று. மாமசாலி முதல் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் தின்று முடித்தார். சீதனத்தில் ஒரு மெத்தை குறைகிறதே என்று ஒரு கிழவி கேட்டாள். "அது பிரசவ வார்டுல இருக்கு" என்றார் மாமசாலி, அக்காவை முந்திக்கொண்டு. அந்த மேய்ச்சல் பக்கத்துப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று அக்கா மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மெத்தையை அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஜலால்-அபாத் விமான நிலையத்தில் விமானம் தயாராக நின்றது. காற்று இல்லை, மூடுபனி இல்லை, எண்ணெய் இருந்தது. நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.

"வா அக்கா. இன்னிக்கு விட்டா எப்பவோ."

அவள் தங்கை வீட்டு முற்றத்தில், வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கிண்ணம் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். "நீ போ" என்றாள்.

"நீ?"

"பாதை திறக்கட்டும்."

"மே மாசம் வரைக்குமா? வீட்டுல அவரு?"

"மாடு இருக்கு, அவர் இருக்காரு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க."

நான் தனியாக ஏறினேன். ஏறினதும் தெரியவில்லை, இறங்கினதும் தெரியவில்லை. மடியிலிருந்த நாண் ரொட்டியின் சூடு ஆறவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் அதற்கு முன்னால் பட்ட எந்தக் கஷ்டத்துக்கும் வந்ததில்லை.

மூத்தார் வாராவாரம் தபால் நிலையத்துக்குப் போனார். "எப்ப வர்ற?" என்று கேட்பார். "பனி உருகிடுச்சா?" என்று அவள் கேட்பாள். "இல்ல." "அப்போ உருகட்டும்." அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பிறந்த ஊரில் ஒரு வசந்தம் முழுக்கத் தங்கிப் பார்த்ததில்லை. அந்த வருஷம் ஆப்ரிகாட் பூத்து, உதிர்ந்து, பிஞ்சு வைக்கிறவரை அங்கே இருந்தாள். அப்பாவின் கல்லறையைச் சுற்றி வேலி போட்டு, மண் அணைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

மே மாதக் கடைசியில் திறந்த மலைப்பாதை வழியாக வந்த முதல் லாரியில் இறங்கினாள். கறுத்து, சதை போட்டு, புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள். மாமசாலி கொடுத்தனுப்பிய ஒரு முழு மூட்டை அரிசியை நானும் மூத்தாரும் பிடித்து இறக்கினோம். அவள் வீட்டுக்குள் போகாமல் நேராக வேலிப் பக்கம் நடந்து, சாய்ந்து கிடந்த கம்புகளைப் பார்த்துவிட்டு, "ஏன், இத்தனை மாசம் சும்மாத்தானே இருந்தீங்க?" என்று மூத்தாரைத் திட்ட ஆரம்பித்தாள்.